தனக்கொடியின் வாயில் ஐஸ்

காலையிலிருந்து பல் ஆஸ்பத்திரியில் நின்றே களைத்த சுமலதா, வெயில் தாழ்ந்தபின் குருசுக்குப்பத்துக்கு நடந்தாள். பல்லுக்குள் இருக்கும் சதை வீங்கி வலித்தால், வேர்வரை சுரண்டாமல் அந்தச் சதையின் மேல்பகுதியை மட்டும் எடுத்து மருந்து வைத்து அடைத்தால் பல் பிழைக்குமா என்பது டாக்டர் கவிநிலாவின் ஆய்வு. அதில் சேர்ந்தவர்களை விடாமல் விசாரிப்பது சுமலதாவின் வேலை. மறுபரிசோதனைக்கு வராமல் டிமிக்கி கொடுத்தவள் மீன்காரி தனக்கொடி.

போனில் மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்வாள். வலி இல்லை. சில்லென்று பட்டால் கூச்சமும் இல்லை. ஆனாலும் தன் கேள்வியில்தான் ஏதோ கோளாறோ என்று சுமலதாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

தெருவோரம் மீன் பரப்பியிருந்த தனக்கொடி, தூக்குச் சட்டியிலிருந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டாள்.

"வாம்மா. வலியில்லாதவள எதுக்குத் தேடிக்கினு வர்ற? சங்கரா மீனு எடுத்துக்கினு போ."

சுமலதாவுக்கு நிம்மதியாக இருந்தது. ஐஸே கூசவில்லை என்றால் வேறென்ன வேண்டும்? அதற்குள் டீ வந்தது. தனக்கொடி தன் பங்கைச் சுமலதாவிடம் நீட்டினாள்.

பக்கத்துக் கூடைக்காரி சொர்ணம் சிரித்தாள். "டீ இல்லன்னா உசுரு போயிடும்னு சொன்னவ இவ! இப்ப தொடறதே இல்ல. வாயில ஐசு கரைஞ்சா போதும், மூஞ்சி கோணிக்கும்."

"ஏய், சும்மா இருடி!"

சூட்டில் வலித்துக் குளிரில் அடங்கினால் உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கிறது என்று கவிநிலா எப்போதோ சொன்னது சுமலதாவுக்கு நினைவு வந்தது. சூட்டைப் பற்றி அவள் யாரிடமும் கேட்டதே இல்லை.

"வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாமேக்கா."

"ஐசு வச்சா வலி இல்லதான? சொன்னா புடுங்கிடுவீங்க. எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சு இப்ப வாயே காலி."

"இப்ப வந்தா வேரைச் சுத்தம் பண்ணிப் பல்லைக் காப்பாத்தலாம். சீழ் வச்சிட்டா புடுங்கத்தான் வேணும்."

தனக்கொடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீ கூட நிப்பியா?"

"நிக்கிறேன்க்கா."

போனில் கவிநிலா பெருமூச்சு விட்டார். "காலைல கூட்டிக்கிட்டு வா, ரூட் கெனால் பண்ணிடலாம். நம்ம சிகிச்சை தோத்துதுன்னே எழுது."

"மேடம், மத்தவங்க கிட்டயும் நான் சூடு பத்திக் கேக்கல."

"எல்லாரையும் மறுபடி கேளு."

கவிழ்த்து வைத்த மீன் பெட்டிமேல் சுமலதா உட்கார்ந்தாள். கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. அடுத்த எண்ணை அழுத்தினாள்.

"அண்ணே, பல் ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். ஆமா, மறுபடியும் நான்தான். சூடா குடிச்சா எப்படி இருக்குது?"