மாடசாமி குடிக்காத தேத்தண்ணி

ஜௌபரின் நினைவுநாளில் ஓதும் கத்தத்தை ஒவ்வொரு வருஷமும் அண்ணன் ஷுக்ரிதான் நடத்துவார். பதுளை பஸாரில் துணிக்கடை வைத்திருந்தவர். தம்பி காரியத்தில் ஒரு குறையும் வைக்க மாட்டார். ஓதி முடிந்து சஹன் தட்டுகளில் சோறு வந்ததும், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆரம்பித்துவிடுவார். கசிப்புச் சாராயம் காய்ச்சியவர்களைப் பிடிக்க ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டப் பக்கம் போன கான்ஸ்டபிள் ஜௌபர், கத்திக்குத்துப் பட்டு ஓடையோரம் கிடந்தபோதும் இறைவன் ஒருவனே என்னும் கலிமாவை வாய் நிறையச் சொல்லித்தான் மவுத்தானான் என்பார். முதல் வருஷம் ஒரு தடவை சொன்ன கலிமா ஐந்தாம் வருஷம் மூன்று தடவையானது. எட்டாம் வருஷம் மையித்தாகக் கிடந்தவன் முகத்தில் ஒளியும் வந்துவிட்டது. சபையே கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

திரைக்குப் பின்னால் பெண்களோடு இருக்கும் ஸைனப் மட்டும் கண்ணைத் துடைக்க மாட்டாள். அவள் ஜௌபரின் பெண்சாதி. நடந்தது என்ன என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் இதுவல்ல என்று தெரியும்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு, புருஷன் மவுத்தான பின் பெண் விலகியிருக்கும் இத்தாவில் அவள் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டின் உள்ளறைதான் அவளுக்கு உலகம். அறுபதாவது நாள் பகல், கடைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"கும்புடுறேங்க மொதலாளி. நான் மாடசாமிங்க, தோட்டத்து ஆளு. போலீஸ்கார ஐயா சாகையில அவரு தலை என் மடியிலதான் இருந்துச்சு. அவரு சம்சாரத்துகிட்ட ஒன்னு சொல்லச் சொன்னாருங்க. அவுங்ககிட்டதான் சொல்லணும்னாரு."

ஸைனப் எழுந்து நின்றுவிட்டாள்.

"அவ இத்தாவில ஈக்கிறா. பிற ஆம்புளைகளோட பேசப் படாது. இன்னும் எழுபது நாள் ஈக்கி. பொறகு வாங்களே," என்றார் ஷுக்ரி.

"பொறகு எங்கங்க வர்றது? பாஸ்போட்டு வந்துருச்சு. நாளைக்குக் காலை ரயில்ல தலைமன்னார் போறோம், அப்பிடியே இந்தியாவுக்கு."

"திரைக்கு இந்தப் பக்கம் நின்டு கேட்டுக்கொள்றேன் மாமி," என்று ஸைனப் மாமியாரிடம் கெஞ்சினாள். மாமி மறுத்துத் தலையாட்டினாள். கெட்ட மனுஷி இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவள், மகன் கலிமா சொல்லாமலே போய்விட்டானோ என்று அறுபது நாளாக அழுதுகொண்டிருந்தவள். "மவுத்தானவனுக்கு நீ செய்ற கடைசிக் கடமை புள்ள. பொறுத்துக்கோ," என்றாள்.

ஷுக்ரி அந்த ஆளைக் கடையின் முன்பக்கம் கூட்டிப்போய் உட்கார வைத்தார். இரண்டு கோப்பைத் தேத்தண்ணி போனது. ஊற்றிக் கொடுத்தது ஸைனப்தான். தெருவில் பஸ் இரைச்சல். மாடசாமியின் குரல் கேட்டதே தவிர, என்ன பேசினான் என்று கேட்கவில்லை. ஒரு இடத்தில் ஷுக்ரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு விம்மினார். கோப்பைகள் திரும்பி வந்தபோது இரண்டிலும் தேத்தண்ணி ஊற்றியபடியே ஆறிப்போய், மேலே ஆடை படிந்திருந்தது.

ஷுக்ரி திரைக்கு அப்பால் நின்று தாயிடம் சொன்னார்: "உம்மா, தம்பி கலிமா சொல்லித்தான் மவுத்தாகினானாம்."

மாமி அந்த இடத்திலேயே நெற்றி தரையில் பட ஸுஜூதில் விழுந்தாள். அன்றுதான் வயிறாரச் சோறு தின்றாள்.

ஸைனபுக்குச் சோறு இறங்கவில்லை. கலிமா சொன்னான் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? தேத்தண்ணி ஆடை படியும் வரைக்குமா? அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் இதை யாரிடம், எந்த வாயால் கேட்பது? கேட்டால் மாமியின் நிம்மதி போய்விடும். புருஷன் ஈமானோடு போனது போதவில்லையாமே இவளுக்கு என்று ஊர் சிரிக்கும். மறுநாள் காலை ரயில் கூவிக்கொண்டு போனதை உள்ளறையிலிருந்தே கேட்டாள். இத்தா முடிந்து, கடைக்கு வரும் தோட்டத்துச் சனங்களிடம் விசாரித்தாள். "திருச்சிப் பக்கம்னு சொன்னாங்க" என்பதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. திருச்சிப் பக்கம் என்ன, பதுளைச் சந்தையா, போய்த் தேட?

பதினோராம் வருஷம் மாமி மவுத்தானாள். அந்த வருஷக் கத்தம் முடிந்து சனம் கலைந்ததும், ஸைனப் திரையை விலக்கிக்கொண்டு ஷுக்ரியின் முன்னால் வந்து நின்றாள்.

"நாநா, மாமி இப்ப இல்ல. அந்த மனுசன் உண்மையில என்ன சொன்னான்? அவர் என்னை ஏசியிருந்தாலும் பரவால்ல. அது எனக்குச் சொன்னது, எனக்கு வேணும்."

ஷுக்ரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கலிமா நானாச் சொன்னதுதான் ஸைனப். உம்மாட அழுகையப் பாக்க ஏலாமச் சொல்லிட்டேன். இத்தா முடிஞ்ச பொறகு உன்னட்ட உள்ளதச் சொல்லிருவம் என்டுதான் ஈந்தேன். பொறகு வாய் வரல்ல."

"இப்பச் சொல்லுங்க."

  அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் சிரிச்சது ஞாபகம் ஈக்கி. அழுததும் ஞாபகம் ஈக்கி. அந்தாள்ட சால்வை கூட ஞாபகம் ஈக்கி," என்றார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார். "எவ்வளவு யோசிச்சாலும் கலிமாதான் வருது, ஸைனப்."