மார்ஜின் விட்ட மொட்டைக் கடுதாசி

எழுபத்திரண்டில் ஒரு நாள், திருவனந்தபுரம் சாலைக் கம்போளச் சந்தையிலிருந்த எண்ணெய்ச் சங்கத்தின் மேனேஜர் அனந்தபத்மநாபன், சிவதாணுவுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். ஆறு வருஷத்தில் முதல் சாயா. சிவதாணு கிளாஸைத் தொடவில்லை.

எப்படித் தொடுவார்? மேனேஜர் தேங்காயெண்ணெயில் ரப்பர்க்கொட்டை எண்ணெயைக் கலக்குகிறார், அதைத் தின்று விடுதிப் பிள்ளைகள் வாந்தியெடுத்துக் கிடக்கிறார்கள் என்று மேலிடத்துக்குப் போன மொட்டைக் கடுதாசி சிவதாணு எழுதியதுதான். எண்ணெயைப் பரிசோதிக்கிற குமாஸ்தா அவர். மேலிடமோ வழக்கப்படி, 'விளக்கம் தருக' என்று அதை மேனேஜருக்கே அனுப்பிவிட்டது. மேனேஜர் ஆண்டுவிழாதோறும் எண்ணெயின் சுத்தத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்குகிறவர் அல்லவா.

"எழுதினவன் கேமன்தான், பலே ஆளு கேட்டீரா," மேனேஜர் கடுதாசியால் விசிறிக்கொண்டார். "மேலே பொருள், கீழே பார்வை, கடைசியிலே நகல்! பேரு மட்டும் இல்லை. மொட்டைக் கடுதாசிக்கு மார்ஜின் விடுதவனை இப்பத்தான் பாக்கேன்."

இடது கையால் எழுதிக் கையெழுத்தை மறைத்த மனுஷனுக்கு, குமாஸ்தா புத்தியை மறைக்கத் தோன்றவில்லை.

"யாரா இருக்கும் வேய்?"

பழியை வேறு தலையில் போட்டுவிட, கிடங்குக் காவலாள் தாசையன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். "தெரியலை சார்."

"போட்டும். எண்ணெய் சுத்தம்னு மேலிடத்துக்குப் பதில் எழுதி, கீழே நீரே ஒப்பு போடும். உம்மை நிரந்தரமாக்குத உத்தரவு இந்தா இருக்கு. உம்ம ஒப்பு விழுந்தா என் ஒப்பும் விழும்."

தெரிந்து பேசுகிறாரா, தெரியாமலா? ராத்திரி பூரா யோசித்தும் பிடிபடவில்லை. வாந்தியெடுத்த பிள்ளைகள்தான் கண்ணுக்குள் வந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் சிவதாணு நீட்டிய தாளை மேனேஜர் மேடைக்குரலில் வாசித்தார்: "'எண்ணெயைப் பரிசோதித்ததில், ரப்பர்க்கொட்டை எண்ணெய் நூற்றுக்கு முப்பது...' எந்தா வேய் இது?"

"பரிசோதனை முடிவு சார்."

"கீழே உம்ம பேரு!"

"நீங்கதானே ஒப்பு போடச் சொன்னியோ."

"கீறிக் களையும், கிழிச்சு எறியும்!"

"அது ஆபீஸ் காப்பி சார். ஒரிஜினல் மேலிடத்துக்குக் காலைத் தபாலிலே போயாச்சு. ரெஜிஸ்தர்."

நாளைக்கு வேலை இருக்காது என்று சிவதாணுவுக்குத் தெரியும். மேனேஜரோ, விடுதிக்குக் கிளம்பிய எண்ணெய் வண்டியை நிறுத்தச் சொல்லி, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கம்போளத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.