அலமாரியில் இல்லாதது

கொதிக்கிற டீயை நேராக ஊற்றக் கூடாது. முதலில் வெதுவெதுப்பான நீர். அதைச் சுழற்றிக் கொட்டிவிட்டு, கப்பின் வெளிப்பக்கம் உள்ளங்கையில் சூடு தட்டிய பிறகுதான் டீ. மகள் சமையல் மேடையில் வரிசையாக நின்ற கப்புகளில் ஒவ்வொன்றாக நீர் ஊற்றிக்கொண்டு வந்தாள்.  

அம்மா கூடத்தில் படுத்திருந்தாள். விடிகிற நேரத்தில் மூச்சு நின்றிருந்தது. இப்போது வெயில் ஜன்னலுக்கு வந்துவிட்டது. ஆட்களும் வரத் தொடங்கியிருந்தார்கள்.

அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றான். பயணப் பையைத் தோளிலிருந்து இன்னும் இறக்கவில்லை.

“என்ன பண்ற?”

“டீ போடறேன்.”

“அது தெரியுது. இதுலயா? யார் கையிலேர்ந்தாவது விழுந்துச்சுன்னா அவ்வளவுதான். இரு, நான் போய் பேப்பர் கப் வாங்கிட்டு வந்துடறேன்.”

“அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க.”

“என்னன்னு?”

“வர்றவங்களுக்கு பேப்பர் கப்புல குடுத்தீங்க, எழுந்து உக்காந்துடுவேன்னு.”

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடத்தைத் திரும்பிப் பார்த்து வாயைக் கையால் பொத்திக்கொண்டான். 

“எழுந்து உக்காந்தா நல்லாத்தான் இருக்கும்” என்றான். பிறகு பையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தட்டு எடுத்துக் கொடுக்க வந்தான்.

அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவளாக இருந்தாள். நாள் முழுக்க இருட்டறையும் வெளிச்சப் பலகையுமாக இருந்துவிட்டு, வேலை முடிந்து வரும் வழியில் பழைய சாமான் கடையில் நுழைவாள். அங்கே அவள் தேடியது ஒன்றே ஒன்றுதான்: ஜப்பானில் செய்த பழைய பீங்கான் கப்பும் சாசரும். ஓவியம், தங்க விளிம்பு எல்லாம் அவளுக்கு அப்புறம். முதலில் கப்பைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பாள். பின்னால் இருக்கும் தன் விரல்களின் நிழல் பீங்கான் வழியே தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதுவும் தெரிந்துவிடும். “இதுக்கு எலும்பு முறிஞ்சிருக்கு. மாவுக்கட்டுப் போட்டாலும் சேராது” என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பாள். பிறகு கவிழ்த்து அடியில் இருக்கும் சிவப்பு எழுத்தைப் பார்ப்பாள். அவளுக்கு அந்த மொழி தெரியாது. கையால் எழுதியதா, அச்சு வைத்ததா என்பது மட்டும் தெரியும். அது போதும் என்பாள்.

வீட்டுக்கு வந்த கப்புக்கு அன்றே ஆள் யாரென்று முடிவாகிவிடும். அதுதான் இந்த வீட்டு வழக்கம். தெரிந்தவர்கள் எல்லோரும் கண்ணாடி அலமாரியில் இருந்தார்கள். புடைத்த வயிறும் மயில் படமும் உள்ளது அண்ணன். மேலெல்லாம் சொரசொரப்பாக டிராகன் ஏறி, வாயைத் திறந்துகொண்டிருப்பது அப்பா, “தூங்கும்போது பாருங்க, இதே மூஞ்சிதான்” என்பாள் அம்மா. மாடி வீட்டுக்காரர், தபால்காரர், ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான் விஷயம் தெரியாது. யாரும் அவற்றில் குடித்ததும் இல்லை.

சின்ன வயதில் மகள் அலமாரி முன்னால் நின்று கேட்பாள். “என்னோடது எது?”

“தேடிக்கோ” என்பாள் அம்மா.

“இதா? ரோஜாப்பூ போட்டது?”

“ஐயையே, அது தபால்காரர்.”

“அப்போ இது?”

“அது உங்க கணக்கு டீச்சர். கைப்பிடியப் பாரு, காது திருகற மாதிரி இல்ல?”

மேல் தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தாயிற்று. புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் அதையும் கேட்டாள். அது வேறு யாராகவோ இருந்தது. கல்யாணமாகிப் போன பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். தனக்கென்று ஒன்று அகப்படவில்லை, அதைச் சொல்ல அம்மாவுக்கு மனம் வரவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கப்புதானே. ஆனாலும் வீட்டுக்கு வரும்போதெல்லாம், புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று அலமாரியை ஓரக்கண்ணால் பார்க்காமல் அவளால் இருக்க முடிந்ததில்லை.

கூடத்துக்குத் தட்டைக் கொண்டுபோனபோது பேச்சு நின்றது. விரல் தெரிகிற அளவுக்கு மெல்லிய கப்பைக் கையில் வாங்கியதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாடி வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தார். அவர் அப்படி அடங்கி இருந்து யாரும் பார்த்ததில்லை.

அவரவர் கப்பை அவரவருக்கே கொடுத்தாள். அண்ணன் மயிலை வாங்கி, அதன் வயிற்றைத் தடவினான்.

“நான் இளைச்சுட்டேன். இது மட்டும் அப்படியே இருக்கு.”

“யார் இளைச்சது? கண்ணாடியில நல்லாப் பாரு” என்றாள் பெரியம்மா. அம்மாவின் அக்கா அவள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நாற்காலி போடுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொடுத்தது வெறும் வெள்ளைக் கப். பூ இல்லை, பொன் இல்லை.

“எனக்கு மட்டும் ஏன்டி மொட்டையா ஒண்ணு?”

“குடிச்சு முடிச்சுட்டு ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்க, பெரியம்மா.”

பெரியம்மா கடைசி வாய் டீயையும் குடித்துவிட்டுக் கப்பைத் தூக்கினாள். அடியில் வெளிச்சம் பட்டதும், பீங்கானுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் முகம் எழுந்து வந்தது. கொண்டை, நெற்றி, தாழ்ந்த இமைகள். இறக்கினால் மறைந்தது. மறுபடி தூக்கினாள்.

“உள்ள யாரோ இருக்காளே.”

“அது நீங்கதானாம். ‘எங்கக்கா எதையும் வெளிய காட்ட மாட்டா, வெளிச்சத்துல புடிச்சாத்தான் தெரியும்’னு அம்மா சொல்வாங்க.”

 பெரியம்மா கப்பை முகத்துக்கு நேரே பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள். பிடித்தது எதற்காக என்று எல்லோருக்கும் புரிந்ததால் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அப்பா டிராகனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டிய கைகள். அவருக்கு அந்தக் கப் ஒரு விரலுக்குப் போதாது.

“பாப்பா, உனக்கு?” என்றார்.

“அப்புறம் குடிக்கறேன்பா.”

“இவளுக்கு எதுக்குக் கப்பு?” என்றான் அண்ணன். “சாசர்ல ஊத்தி, ஊஃப் ஊஃப்னு தெரு முழுக்கக் கேக்கற மாதிரி ஊதி... இன்னும் அப்படித்தான் குடிக்கிறியா?”

“அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு.”

புகுந்த வீட்டில் முதல் வாரமே விட்டாயிற்று. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அதிலிருந்து அவள் டீயை ஆறவைத்தே குடிக்கப் பழகியிருந்தாள்.

பிற்பகலில் வண்டி வந்தது. அம்மாவைத் தூக்கும்போது அவள் மிகவும் லேசாக இருந்ததாக அண்ணன் பிறகு சொன்னான். மகளும் கூடப் போனாள். மண் போட்டாள். எல்லாம் சொன்னபடி, முறையாக நடந்தது. திரும்பி வந்தபோது கூடத்தில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. அண்ணன், பெரியம்மாவை அவள் வீட்டில் விடப் போயிருந்தான். அப்பா காலையில் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன டிராகனைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

சும்மா இருக்க முடியாமல் அவள் அம்மாவின் அறையை ஒழுங்குபடுத்தப் போனாள். போர்வையை மடித்தாள். தலையணை உறையைக் கழற்றினாள். படுக்கையோரச் சின்ன மேசையில் மாத்திரைகள் ஒரு சாசரில் கிடந்தன. அந்தச் சாசர் எப்போதும் அங்கேதான் இருக்கும். மாத்திரைக்கு முன்னால் அதில் அம்மாவின் கம்மல் கிடந்தது, அதற்கும் முன்னால் வீட்டுச் சாவி. அம்மா வாங்கியதில் அலமாரிக்குள் போகாத ஒரே பொருள் அது. தினமும் புழங்கிய ஒரே பொருளும் அதுதான். கொஞ்சம் குழிவானது. நடுவில் நீலத்தில் ஒரு பாய்மரப் படகு.

நேற்று மாலை அம்மா அதை மேசை மேல் அவள் பக்கமாக நகர்த்தினாள். பேச்சு அப்போதே நின்றுபோயிருந்தது.

“மாத்திரை வேண்டாமாம்மா? கசக்குதா? கண்ண மூடிக்கிட்டு முழுங்கிடுங்க, என் தங்கம்ல.”

அவள் சாசரை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள். அம்மா மறுபடி நகர்த்தினாள். அவள் மறுபடி திருப்பி வைத்து, ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினாள். அம்மா அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்புதானா என்று அவளுக்கு இப்போதும் நிச்சயமில்லை.

வாசலில் யாரோ செருமினார்கள். பழைய சாமான் கடைக்காரர். கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்திருக்க வேண்டும், சட்டையில் தூசி இருந்தது.

“இப்பத்தான் கேள்விப்பட்டேன். எக்ஸ்ரே அம்மா முகத்தக் கூடப் பாக்க முடியலையே” என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவருடைய கப்பும் இருந்தது. விளிம்பில் ஓடுகிற விரிசலோடு அம்மா தெரிந்தே வாங்கிய ஒரே கப். விரிசல் இருப்பதை அவரே முதலில் காட்டிவிட்டாராம். அதில் டீ கொடுத்தாள். அவர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல போய் எனக்கு... நான் வித்தது இல்ல இது?”

“நீங்கதான் இது. அதனால உங்களுக்கு.”

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. கூச்சத்தோடு குடித்தார். கண் அறைப் பக்கம் போனது, கதவு திறந்திருந்தது.

“அட, அந்தப் படகு சாசர இன்னும் வெச்சிருக்காங்களா!”

“மாத்திரை வெக்கறதுக்கு” என்றாள் மகள்.

“மாத்திரைக்கா?” அவர் தலையை ஆட்டினார். “நான் கடை போட்ட புதுசு. ஒத்த சாசர யாரு வாங்குவான்னு சும்மா போட்டு வெச்சிருந்தேன். உங்கம்மா பார்த்த உடனே எடுத்து மாரோட அணைச்சுக்கிட்டாங்க. பாவம், ஜோடி இல்லாம வாங்கிட்டுப் போறாங்களேன்னு நானும் விடாம தேடினேன். அதே படகு, அதே நீலம், கப்பு கிடைச்சுது. அதுக்கப்புறம் இன்னொரு தடவையும் கிடைச்சுது. ரெண்டு தடவையும் வேணாம்னுட்டாங்க.”

“ஏன்?”

“நானும் அதத்தான் கேட்டேன். கப்ப வெச்சா படகு மறைஞ்சு போயிடுமேன்னாங்க. அப்புறம் என்னவோ சொன்னாங்க... ஆங். ‘இது எம் பொண்ணு. அவ கப்புல குடிக்க மாட்டா’ன்னாங்க. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. பெரிய ஆஸ்பத்திரி ஆளு, ஏதோ சொல்றாங்கன்னு விட்டுட்டேன்.”

அப்பா ஜன்னலிலிருந்து திரும்பினார். மகளைப் பார்த்தார்.

கடைக்காரர் போகும்போது அவள் வாசல் வரை போய் வழியனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அறைக்குப் போய் மாத்திரைகளை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்து வைத்தாள். சாசரைச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கழுவினாள். ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பின்னால் தன் விரல்கள் தெரிந்தன. எங்கும் முறிவு இல்லை.

முதலில் வெதுவெதுப்பான நீர். அதைச் சுழற்றிக் கொட்டினாள். பிறகு பாத்திரத்தில் மிச்சமிருந்த டீயைச் சுடவைத்து, சாசரின் விளிம்பு வரை ஊற்றினாள். படகு மூழ்கியது.

தளும்பாமல் எடுத்துக்கொண்டு வந்து அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவர் கையில் டிராகன் இன்னும் இருந்தது. டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

“சூடா இருக்கும், பாப்பா. ஊதிக் குடி” என்றார்.

அவள் சத்தமாக ஊதினாள். ஒரு வாய் உறிஞ்சினாள். இன்னொரு வாய். டீ கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, முதலில் பாய்மரத்தின் நுனி வெளியே வந்தது.