சாதாரணக் கணக்கு

பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர் தூணைப் பார்த்துப் பாய்ந்தால் ஆசிரியர் மிதிக்க வேண்டியதுதான். பல வருடங்களாக மிதித்து மிதித்து, மாஸ்டரின் காலுக்கு எது வண்டி எது வீடு என்கிற பேதமே இல்லாமல் போய்விட்டது. பல் டாக்டர் கருவியை வாயருகே கொண்டுவந்தால் மிதிப்பார். மேடையில் யாராவது "ஒன்றே ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்" என்று மறுபடியும் சொன்னால் மிதிப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் பிரேக் மாஸ்டர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதை மற்றவர்கள் எப்போதோ மறந்துவிட்டார்கள். வங்கிகள் மட்டும் மறக்கவில்லை.

"மறக்காது மாப்பிள்ளை," என்பார் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். "உங்க பேரு சிஸ்டத்துல சிவப்பு. சாகற வரைக்கும் போகாது."

"செத்ததுக்கப்புறம்?" என்று கேட்டாள் மாஸ்டரின் மனைவி.

"அத வாரிசுங்க வந்து கேக்கணும்."

பெயர் சிவப்பானதற்குக் காரணம் ஒரு பலகை. சைக்கிள் கடைக்கு மாடியில் ஒரு அறை, ஒரு வண்டி என்று மாஸ்டர் சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். நன்றாகவே ஓடியது. பெயர்ப்பலகை எழுத வந்தவன், "வெறும் ஓட்டுநர் பயிற்சின்னா மொட்டையா இருக்கு சார், முன்னால இடம் காலியா கெடக்கு," என்றான். காலி இடத்தில் 'சர்வதேச' என்று எழுதினார்கள். பின்னால் கொஞ்சம் மிஞ்சியது. அதில் 'கல்லூரி' வந்தது. சர்வதேசக் கல்லூரிக்கு ஒரு வண்டி போதுமா? இன்னும் மூன்று வாங்கினார், எல்லாம் கடனில். வங்கியில் அவரைத் தாளாளர் என்று அழைத்துப் பழரசம் கொடுத்தார்கள். மாணவர்கள் மட்டும் அதே நாலு தெருவிலிருந்து, முன்பு வந்த அளவுக்கே வந்தார்கள். சர்வதேசத்திலிருந்து ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

தவணை நின்றது. வண்டிகள் போயின, பலகை போயிற்று. கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்ததால் இருவர் கணக்கும் போயிற்று. வேறொரு வங்கியில் கேட்டுப் பார்த்தபோது, அங்கிருந்தவர் கணினித் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து வங்கி வாசலைக் கடக்கும்போதெல்லாம் மாஸ்டரின் கால் தானாக மிதித்தது.

அதன் பிறகு மாஸ்டர் வேறொருவர் பள்ளியில் சம்பளத்துக்குக் கற்றுக்கொடுத்தார். மனைவி ஒரு அழகு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கடனை முழுக்க அடைத்தும் விட்டார்கள். ஆனால் சிவப்பு சிவப்புதானே? இருவர் சம்பளமும் மச்சான் கணக்கில் போய் விழுந்தது.

மச்சான் அட்டைப்பெட்டிக் கிடங்கில் மேற்பார்வையாளர். அந்தப் பணத்தில் அவர் ஒரு காசு தொட்டதில்லை. அதுதான் கஷ்டமே, தொட்டிருந்தால் சண்டையாவது போடலாம். கேட்கும்போது கொடுத்துவிடுவார். கொடுப்பதற்கு முன்னால் மட்டும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு கேள்வி கேட்பார்.

"எதுக்கு?"

"பாப்பாவுக்கு ஷூ வாங்கணும் மச்சான்."

"எதுக்கு? போட்டிருக்கறதுக்கு என்ன?"

"கட்டைவிரல் வெளிய வருது."

"கொண்டாங்க பாக்கலாம்."

ஷூ வந்தது. மச்சான் உள்ளே கையை விட்டு, ஓட்டை வழியாக வெளியே வந்த தன் விரலையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "சரி, இது நியாயமான செலவு," என்று தீர்ப்பு வந்தது. முடிவெட்டக் கேட்டால் மாஸ்டரின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இன்னும் ஒரு வாரம் தாங்கும்" என்பார்.

"எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்ல," என்றார் மாஸ்டர் வீட்டுக்கு நடக்கும்போது. "அவசரமே இல்லாம கொஞ்சம் பணம் எடுக்கணும். எதுக்குன்னே தெரியாம எடுக்கணும்."

"பேசாம வாங்க. அண்ணன் ஜன்னல்ல நிக்கறாரு," என்றாள் மனைவி.

மச்சானுக்கு ஒரு கிரீடமும் உண்டு. இவர்கள் சம்பளம் அவர் கணக்குக்கு வர ஆரம்பித்த கொஞ்ச நாளில் வங்கி அவரை 'வைர வாடிக்கையாளர்' ஆக்கியது. கண்ணாடி அறை, குளிர்சாதனம், சோபா, பிஸ்கட். வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தன்னுடைய ஒழுக்கத்தைப் பார்த்துக் கொடுத்தது என்று மச்சான் நம்பினார். "பேங்க்காரனுக்கு ஆளத் தெரியும் மாப்பிள்ளை," என்று சொல்லி, வைரம் அச்சடித்த அட்டையைச் சட்டைப்பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வார். குளிக்கும்போது மட்டும்தான் அதைப் பிரிந்திருப்பார் என்பது அவர் மனைவி தரப்புத் தகவல்.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் பயிற்சிப் பள்ளி முதலாளியம்மா மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், ஆடிட்டர் கத்தறாரு. அடுத்த மாசத்துல இருந்து யாரு வேலை செய்யறாங்களோ அவங்க பேர்ல இருக்கற கணக்குலதான் சம்பளம் போடணுமாம். இப்ப இருக்கற நிலைமையில, உங்க மச்சான்தான் நம்மகிட்ட வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கறாரு."

"அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்களே!"

"அதத்தான் ஆடிட்டரும் கேக்கறாரு. கணக்குக் கொண்டாங்க. இல்லன்னா ஒண்ணாந்தேதியில இருந்து நான் வேற ஆள் பாக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் கால் தரையை மிதித்த மிதியில் முதலாளியம்மாவின் பூத்தொட்டி கவிழ்ந்தது.

விஷயத்தைக் கேட்ட மச்சான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "வேலை போச்சுன்னு வெச்சுக்கோங்க. நான் வர்றேன். வைர வாடிக்கையாளர் கூட வந்து சொன்னா, ஏதோ பரிதாபப்பட்டு ஒரு அரைக் கணக்காவது குடுப்பான்."

"அரைக் கணக்குன்னா?"

"போடலாம், எடுக்க முடியாது."

"அது இப்பவே இருக்கே," என்றாள் அவருடைய தங்கை.

வங்கிக்குப் போகும் நாளில் மச்சான் கல்யாணங்களுக்கு மட்டும் போடும் சட்டையைப் போட்டிருந்தார். கண்ணாடி அறை வாசலில் நின்று இருவருக்கும் உபதேசம் நடந்தது. "நான் பேசறேன். உங்களக் கேட்டாத்தான் வாய் தொறக்கணும். பிஸ்கட் ஆளுக்கு ஒண்ணு."

உள்ளே இருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். கடுமையான ஜலதோஷம். மேஜையில் துடைத்துப் போட்ட காகிதங்கள் குன்றாகக் குவிந்திருந்தன.

மச்சான் தொண்டையைக் கனைத்தார். "இவரு என் தங்கச்சி வீட்டுக்காரர். நல்ல மனுஷன்தான். ஆனா முன்ன ஒரு காலத்துல, வயசுக் கோளாறுல, கொஞ்சம் சர்வதேசமாப் போயிட்டாரு..."

"சார், பேரும் பிறந்த தேதியும் சொன்னாப் போதும்," என்று தும்மினாள் அதிகாரி.

மாஸ்டர் தன் பெயரைச் சொன்னார். சொல்லும்போது அது யாரோ வெளியூர்க்காரர் பெயர் மாதிரி இருந்தது. அவள் தட்டினாள். திரையில் ஏதோ சுழன்றது. அவள் புருவம் லேசாக ஏறியது.

மாஸ்டரின் கால் மிதித்தது. இதுவரை மிதித்ததிலேயே பெரிய மிதி.

திரை அணைந்தது. மேஜை மின்விசிறி நின்றது. பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த காப்பி இயந்திரம் ஒரு முனகலோடு உயிரை விட்டது.



"பாத்தீங்களா!" என்றார் மச்சான். பயமும் பெருமையும் கலந்த குரல். "நான் சொல்லல? பேரத் தட்டினதும் சிஸ்டமே செத்துப்போச்சு."

அதிகாரி மேஜைக்கு அடியில் குனிந்தாள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுவிட்சின் மேல் ஒரு பழைய கறுப்பு ஷூ உட்கார்ந்திருந்தது.

"சார், காலை எடுக்கறீங்களா?"

"மன்னிச்சிருங்க. பிரேக்குன்னு நெனச்சிட்டேன்."

அவள் விளக்கம் கேட்கவில்லை. வங்கியில் வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்க்கிறார்கள். கணினி மறுபடி உயிர்பெறும்வரை நால்வரும் சுவரில் இருந்த, சிரித்துக்கொண்டே வீட்டுக்கடன் வாங்கும் குடும்பத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரின் மனைவி தன் செருப்புக் காலைத் தூக்கிக் கணவர் பாதத்தின் மேல் வைத்து, முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டாள்.

அதிகாரி மறுபடி தட்டினாள். மறுபடி சுழன்றது. ஷூவுக்குள் கட்டைவிரல் துடித்தது. மேலே இருந்த கால் அசையவில்லை.

"சுத்தமா இருக்கே," என்றாள் அதிகாரி.

"என்னது?" என்றார்கள் மூவரும்.

"கடன் முழுசா அடைச்சிருக்கீங்க. அடைச்சு இவ்வளவு நாளானா அந்தக் குறிப்பு தானாப் போயிரும். போன வருஷமே போயிருச்சு. மேடம் பேர்லயும் ஒண்ணும் இல்ல."

"இன்னொரு தடவை நல்லாப் பாருங்க," என்றார் மச்சான். "சிவப்பா ஏதாவது..."

"இங்க சிவப்பா இருக்கறது என் மூக்கு மட்டும்தான் சார். போன வருஷம் நீங்க கேட்டப்பவே சொன்னேனே, அவங்களக் கூட்டிட்டு வாங்க, பாத்துரலாம்னு?"

மச்சான் கையிலிருந்த பிஸ்கட்டின் பூ வேலைப்பாட்டை அப்போதுதான் கவனித்தவர்போல ஆராய ஆரம்பித்தார்.

"அண்ணே," என்றாள் தங்கை.

"கிடங்குல வேலை ஜாஸ்தி. மறந்துட்டேன்."

"அண்ணே."

"பெட்டி நிறைய வந்துச்சு..."

அதிகாரிக்கு இந்தக் குடும்ப விவகாரத்தில் ஆர்வம் இல்லை. "உங்களுக்கு இப்ப சாதாரணக் கணக்கே தரலாம். சம்பளம் போடலாம், எடுக்கலாம், கார்டு வரும். எல்லாருக்கும் இருக்கறதுதான், விசேஷமா ஒண்ணும் கிடையாது."

சாதாரணக் கணக்கு. விசேஷமாக ஒன்றும் கிடையாது. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிடும்போல் இருந்தது. தாளாளர் என்று கூப்பிட்டபோதுகூட மனசு இவ்வளவு குளிரவில்லை. இந்தச் சொல்லைப் பலகையில் எழுதி மாட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பலகை என்றதும் கால் மிதிக்கப் பார்த்ததால் யோசனையைக் கைவிட்டார்.

"ரெண்டு பேரும் சேர்ந்தா, தனித்தனியா?"

"சேர்ந்தே போடுங்க, குடும்பம்னா..." என்று ஆரம்பித்தார் மச்சான்.

"தனித்தனியா," என்றாள் மாஸ்டரின் மனைவி.

படிவங்கள் நிரம்பின. எழுந்திருக்கும்போது அதிகாரி ஏதோ ஞாபகம் வந்தவளாக, "சார், ஒண்ணு சொல்லிடறேன். மாசாமாசம் கணக்குல வர்ற தொகையப் பாத்துத்தான் வைரம் குடுக்கறோம். இவங்க ரெண்டு பேர் சம்பளமும் இனிமே அதுல வராதில்லையா? அடுத்த மாசம் அது தானா எறங்கிரும்," என்றாள்.

"எறங்கினா?"

"சாதாரணம்தான் சார். வெளிய வரிசை."

"அப்ப ஒழுக்கம்...?"

"அது எங்க சிஸ்டத்துல இல்ல சார்."

மச்சான் அந்த அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சோபா, குளிர்சாதனம், புத்துயிர் பெற்ற காப்பி இயந்திரம். மாஸ்டருக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவேண்டிய கோபம்தான், நியாயமான கோபம். ஆனால் பழரசத்தின் ருசி அறிந்த மனுஷனுக்குப் பிஸ்கட் பறிபோகிறவனைப் பார்த்து எப்படிக் கோபம் வரும்? சிரிப்புதான் வந்தது, அடக்கிக்கொண்டார். மனைவி முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டே, தட்டிலிருந்து நாலு பிஸ்கட்டை எடுத்து அண்ணன் சட்டைப்பையில் போட்டாள். வைர அட்டைக்குப் பக்கத்தில் அவை அடங்கி உட்கார்ந்தன.

ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துவிட்டது என்று முதலாளியம்மா சொன்னார். "இனிமே நீங்கதான் எங்ககிட்ட வேலை செய்யறீங்க மாஸ்டர், வாழ்த்துகள்." பாடம் முடிந்ததும் மாஸ்டர் வங்கிக்கு நடந்தார். வாசலில் கால் மிதிக்கவில்லை. மனைவி அழகு நிலையத்திலிருந்து நேராக வந்து சேர்ந்தாள். உள்ளே, நீண்ட வரிசையில், கல்யாணச் சட்டை இல்லாமல் மச்சான் நின்றுகொண்டிருந்தார். முன்னால் நின்றவரிடம் குளிர்சாதனம் உடம்புக்குக் கெடுதல் என்று விளக்கிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் வரிசையை விட்டு வந்து, ஏடிஎம் பக்கம் கூடவே நின்றார்.

மாஸ்டர் அட்டையைச் செருகினார். எவ்வளவு என்று இயந்திரம் கேட்டது. அதோடு சரி. கண்ணாடியை இறக்கவில்லை, தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு புத்தம்புது நோட்டுகள் நாக்கு நீட்டுவதுபோல வெளியே வந்தன.

"எது..." என்று மச்சான் ஆரம்பித்து, பாதியில் விழுங்கினார்.

"எதுக்கும் இல்ல மச்சான்," என்றார் மாஸ்டர். எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம்! நோட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒருமுறை ரசித்தார்.

"என் கார்டு வீட்டுல இருக்கு. அதுல ஒண்ணு எனக்குக் குடுங்க," என்று கையை நீட்டினாள் மனைவி.

"எதுக்கு?" என்றார் மாஸ்டர்.

சொன்ன பிறகுதான் கால் மிதித்தது. மிதித்து என்ன பயன், வண்டி அதற்குள் போய் மோதியாகிவிட்டது. மனைவி இடுப்பில் கை வைத்து நின்ற நிலையைப் பார்த்து மச்சான் முதலில் இருமினார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

மாஸ்டர் மறுபேச்சில்லாமல் இரண்டு நோட்டையும் அவள் கையில் வைத்தார்.