இரண்டு மணிக்குள் கலைக்க வேண்டிய அறை

என் கணவருக்கு மன்னிப்புக் கேட்க வராது. அதற்குப் பதில் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவார். கல்யாணமான ஏழு மாதத்தில் இரண்டு கடற்கரை, ஒரு அருவி, ஒரு பொருட்காட்சி எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்த வரிசையில் அன்றைக்கு சினிமா ஸ்டூடியோ.

முந்தைய மன்னிப்புகள் எல்லாம் கத்தினதற்கு. இது எறிந்ததற்கு. ஞாயிற்றுக்கிழமை காலை, இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்று கையிலிருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை விட்டெறிந்தார். என் மேல் இல்லை. என் தலைக்கு ஒரு முழம் தள்ளி, சுவரில். ‘என் மேல் இல்லையே’ என்று நாலு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இது ஒரு தடவையோடு போய்விடும் என்றால் இவரோடு இருந்துவிடலாம். போகாது என்றால் ஒரு குழந்தை பிறப்பதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். எது என்று யாரிடம் கேட்பது? அம்மாவிடம் வாயைத் திறந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். மாமியாரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர், திங்கட்கிழமை ஊரிலிருந்து வந்திருந்தார். வந்த ஒரு மணி நேரத்தில் என் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக நிற்க வைத்துவிட்டார். வாசலில் செருப்புகள் ஜோடி சேர்ந்தன. கொடியில் க்ளிப்புகள்கூட நிறம் நிறமாகப் பிரிந்தன. கலைந்து கிடப்பதைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. எல்லாம் என்னைக் குத்திக்காட்டத்தான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டூடியோவில் எங்கள் கூட்டத்தில் பதினெட்டுப் பேர். தொண்டை கட்டிய கைடு ஒருவர் வாசலிலேயே சட்டம் போட்டுவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தால் தும்மக்கூடக் கூடாது. எதையும் தொடக் கூடாது.

“இங்க கிடக்கிற குப்பைகூட ஒருத்தர் யோசிச்சுப் போட்டது. தொட்டீங்கன்னா அவர் வேலை போயிடும்” என்றார்.

முன்பக்கம் கோர்ட்டு, பக்கவாட்டில் போலீஸ் ஸ்டேஷன், பின்பக்கம் ஆஸ்பத்திரி. ஒரே கட்டடத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு மனிதனின் கஷ்டகாலம் முழுவதும் முடிந்துவிடும். நான் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து என் கணவரும் சிரித்தார். இப்படிச் சிரிக்கும்போது அவரைப் போல நல்லவர் கிடையாது, அதுதான் என் கஷ்டமே.

ஏழாம் படப்பிடிப்புத் தளத்துக்குப் போனபோது சாப்பாட்டு இடைவேளை. பெரிய கொட்டகைக்குள் மூன்று சுவர் மட்டும் உள்ள ஒரு படுக்கையறை. கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். உள்ளே சூறாவளி அடித்த மாதிரி இருந்தது. பாதி கிழிந்து தொங்கும் திரை, அலமாரியிலிருந்து இழுத்துக் கொட்டிய துணிகள், உடைந்த கோப்பை, பஞ்சு பிதுங்கிய தலையணை, கவிழ்ந்த நாற்காலி.

“காலைல ஹீரோ கோபத்துல ரூமை நொறுக்குற சீன் எடுத்தாச்சு. ரெண்டு மணிக்கு ஹீரோயின் வந்து பார்க்கிற சீன். சத்தம் போடாம பின்னாடி நின்னு பார்க்கலாம்” என்றார் கைடு.

அதுவரை மேக்கப் அறைகளைக் காட்ட மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். அத்தைக்கு முழங்கால் வலி. கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தோம். என் கணவருக்கு ஆபீஸிலிருந்து போன். “அம்மாவைப் பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் கழிப்பறைக்குப் போனேன். வரிசை நீளம். திரும்பி வர கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

அத்தை நாற்காலியில் இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அறை பளிச்சென்று இருந்தது. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. துணிகள் மடித்து அலமாரிக்குள் போயிருந்தன. நாற்காலி மேஜைக்கு நேராக நிமிர்ந்திருந்தது. கோப்பைத் துண்டுகளை ஒரு காகிதத்தில் கூட்டி வைத்து, திரையின் கடைசி வளையத்தை மாட்டிக்கொண்டிருந்தார்.

“அத்தை!”

அவர் திரும்பினார். தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி கையைப் பார்த்தார், அறையைப் பார்த்தார்.

“ஐயையோ. நான் எழுந்ததே எனக்குத் தெரியலம்மா.”

அப்போதுதான் பின்னால் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. முப்பது வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாதி சாப்பிட்ட பன். உதவி இயக்குநர். எந்தப் பொருள் எங்கே கிடந்தது என்று ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

“யாரு... யாரு இதை...” என்றவள் பன்னைத் தரையில் வைத்துவிட்டாள். அழக்கூட அவளுக்கு நேரமில்லை. போனில் இருந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “காலைல கேமரா ஜன்னல் பக்கம். அந்தப் பக்கம் இருந்துதான் படம் எடுத்து வச்சிருக்கேன். மதியம் கேமரா வாசல் பக்கம் வருது. இந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கு, அதுவும் ஆடிப் போச்சு. கட்டிலுக்குப் பின்னாடி என்ன கிடந்துச்சுன்னே தெரியாது. போன மாசமே ஒரு தப்பு பண்ணிட்டேன். இன்னிக்கு டைரக்டர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு.”

மணி ஒன்று முப்பத்தைந்து.

எனக்கு அவளைவிட என் பயம்தான் பெரிதாக இருந்தது. அவர் போன் பேசி முடித்து உள்ளே வந்தால்? தன் அம்மாவைத் திட்ட மாட்டார். பார்த்துக்கொள்ளச் சொன்னது என்னைத்தானே. நான் வாசலைப் பார்த்தபடி நின்றேன்.

“பயப்படாதம்மா. எனக்குத் தெரியும். எல்லாம் அப்படியே வச்சுடலாம்” என்றார் அத்தை.

“எப்படிம்மா ஞாபகம் இருக்கும்? நாப்பத்தி மூணு பொருள்!”

அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். முதலில் திரையின் வளையங்களைக் கழற்றினார். ஐந்து, இடது பக்கத்திலிருந்து. பிறகு அலமாரி. மடித்த சட்டைகளை உதறி, ஒவ்வொன்றாகப் போட்டார். நீலம் கதவில் தொங்கும், வெள்ளை தரையில், கை உள்பக்கம் மடங்கி. உதவி இயக்குநர் ஆடிப்போன படத்தைப் பெரிதாக்கி ஒத்துப் பார்த்தாள். மங்கலாக நீலம் இருந்த இடத்தில் நீலம் இருந்தது.

“இந்தக் கோப்பையோட கைப்பிடி?” என்றாள்.

“அலமாரிக்கு முன்னாடி வச்சிருந்தீங்க. ஆனா அது அங்க வராது. சுவத்துல அடிச்சா கைப்பிடி மட்டும் தனியாத் தெறிச்சு கட்டிலுக்கு அடியில போயிடும். ஒரு வாரம் கழிச்சுப் பெருக்கும்போதுதான் கிடைக்கும்.” சொல்லிக்கொண்டே கைப்பிடியை அலமாரிக்கு முன்னால் வைத்தார். “நீங்க வச்ச இடத்துலயே இருக்கட்டும்.”

உதவி இயக்குநர் என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன்.

“நாற்காலி?” என்று நான்தான் கேட்டேன்.

“அது கடைசி. கையில இருக்கிறதை முதல்ல எறிவாங்க. அப்புறம் கைக்கு எட்டினது. நாற்காலி எப்பவும் கடைசிதான். அதைத் தூக்கிட்டா கோபம் தீர்ந்துடும், களைச்சுப் போயிடுவாங்க.”

நான் மாமனாரைப் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்பே போய்விட்டார். தங்கமான மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

“மாமாவா, அத்தை?”

அத்தை தலையணையிலிருந்து பஞ்சைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“எறிஞ்சுட்டுக் குளிக்கப் போயிடுவார். வெளிய வரும்போது வீடு வீடா இருக்கும். பையன் பக்கத்து ரூம்ல. அவன் எழுந்து வர்றதுக்குள்ள நான் எல்லாத்தையும் அடுக்கிடுவேன். அவன் சத்தம் கேட்டிருப்பான், எதையும் பார்த்ததில்ல. முப்பத்தோரு வருஷம். கேட்டுப் பாரு, அந்த வீட்ல ஒரு டம்ளர்கூட உடைஞ்சதில்லன்னுதான் சொல்லுவான்.”

மணி ஒன்று ஐம்பத்திரண்டு. வெளியே ஆட்கள் பேச்சு கேட்க ஆரம்பித்தது.

“உங்க மேல...?”

“முதல்ல எல்லாம் சுவத்துல மட்டும்தான்” என்றார். பிறகு முதல்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். “உன் வீட்ல சுவத்துக்கு நடுவுல காலண்டர் மாட்டுற இடமாம்மா அது? தூக்கிப் பார்த்தேன், பின்னாடி சுவத்துல பள்ளம்.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “ஒரு தடவைதான் அத்தை” என்றேன்.

அத்தை நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டார். இரண்டு கால் கட்டிலைப் பார்த்து, இரண்டு கால் மேலே. நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தபோது டைரக்டர் உள்ளே வந்துவிட்டார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். உதவி இயக்குநர் தன் அட்டையின் நாடாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் நேராகக் கேமரா பக்கம் போனார். அவள் அத்தையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

கூட்டம் திரும்பி வந்து எங்கள் பின்னால் நின்றது. என் கணவரும் வந்தார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் விஷயம் கைடின் காதுக்கு எப்படியோ எட்டியிருந்தது. கெட்ட எண்ணம் இல்லை, தமாஷாகத்தான் சொன்னார்.

“சார், உங்கம்மா எங்க வயித்துல புளியைக் கரைச்சுட்டாங்க! செட்டையே சுத்தம் பண்ணிட்டாங்களாம்!”

நாலு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் காது மடல் சிவந்தது. ஏழு மாதத்தில் நான் அதைப் படிக்கப் பழகியிருந்தேன். பொத்தான் இல்லாத சட்டையைக் கையில் எடுத்தபோதும் முதலில் காதுதான் சிவந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவு பெரிய கொட்டகையில் ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை. கதாநாயகி வாசலில் வந்து நின்று அறையைப் பார்த்தாள்.

“கால் மணி நேரம் பார்த்துக்கத் துப்பில்ல உனக்கு?” என்றார் என் கணவர், காதோரம்.

நான் விளக்கைக் காட்டினேன்.

“கேட்டா பதில் சொல்ல மாட்டியா?”

உதட்டில் விரலை வைத்தேன். அதுதான் நான் செய்த குற்றம். என் தோளிலிருந்த கைப்பையை வெடுக்கென்று பிடுங்கி, பக்கத்துப் பலகைச் சுவரில் அடித்தார். பை வாய் பிளந்து விழுந்தது. சாவி, சீப்பு, மாத்திரை அட்டை, சில்லறை எல்லாம் சிமெண்டுத் தரையில் சிதறின. ஒரு நாணயம் மட்டும் உருண்டு, எல்லோரும் கேட்கக் கேட்க, சுற்றிச் சுற்றி நின்றது.

“கட்!”

அத்தனை தலைகளும் திரும்பின. டைரக்டர், கதாநாயகி, விளக்குக்காரர்கள், பதினைந்து டூரிஸ்டுகள். நான் சட்டென்று குனிந்தேன். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த விரல்களில் அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“தொடாத.”

“சாரி, சாரி. கை தவறிடுச்சு” என்று என் கணவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். திரும்ப யாரும் சிரிக்கவில்லை.

“தவறல. எறிஞ்ச. நீ எடு.” அத்தை குரலை உயர்த்தவில்லை.

“அம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க.”

“பார்க்கட்டும். நீயும் பாரு.”

அவர் குனிந்தார். முட்டி போட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். சீப்பு. சாவி. மாத்திரை அட்டை. விளக்கு மேடைக்கு அடியில் கையை விட்டு அந்த நாணயத்தையும் எடுத்தார். பையை என்னிடம் நீட்டும்போது கண் கலங்கியிருந்தது. “மன்னிச்சுக்கோ” என்றார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் வந்தது. எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அதை மறைக்க மாட்டேன்.

வெளியே வெயிலில் அவர் வண்டி எடுக்க முன்னால் நடந்தார். அத்தையின் முழங்கால் வேகத்துக்கு நாங்கள் இருவரும் பின்னால் வந்தோம்.

“திருந்திடுவார் இல்ல அத்தை? அவரே எடுத்தாரே” என்றேன்.

“தெரியலம்மா.”

“உங்களுக்கே தெரியாதா?”

“திருந்தலாம், திருந்தாமலும் போகலாம். இதைத் தெரிஞ்சுக்கத்தான் நான் முப்பத்தோரு வருஷம் கூடவே இருந்தேன். நீ உங்கம்மா வீட்ல இருந்து தெரிஞ்சுக்கோ.”

வண்டி எங்கள் முன்னால் வந்து நின்றது. அவர் இறங்கி, எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். முகம் குழந்தை முகமாக இருந்தது. நான் ஓர் அடி வைத்தேன்.

“ஏறாத” என்றார் அத்தை.

“அம்மா!” என்றார் அவர்.

“நீ என் பிள்ளை. அதனாலதான் சொல்றேன்.” அத்தை என் கையை விடவில்லை. “பஸ் எங்க நிக்கும்னு அந்த வாட்ச்மேனைக் கேளும்மா. நானும் வரேன், உங்கம்மாகிட்ட நானே சொல்றேன்.”

நான் போய்க் கேட்டேன்.