மேட்டுக்கு ஏறிய சுவர்

ரம்பத்தின் பல் சுவருக்குள் இறங்க இறங்க, கார்மேகத்தின் புருவமெல்லாம் வெள்ளைத் தூள். அரபு தேசத்துப் பழைய கோட்டை வீடு ஒன்றின் உள்சுவர் அது. சுதையில் பேரீச்சங்குலைகளும் கொடிகளும் செதுக்கியிருந்தார்கள். பள்ளத்தாக்கின் வாயில் அணை கட்டி முடிந்திருந்தது. மழை வந்தால் வீடு மூழ்கிவிடும். அதற்குள் சுவரைத் துண்டு துண்டாக அறுத்து, பஞ்சில் சுற்றி, மரப்பெட்டிகளில் அடைத்து மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வேலைக்காரர்களின் கேம்ப்பும் அதே பள்ளத்தாக்கில்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மேன் நூஹு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சூடான்காரர். அவருடைய உடைந்த இந்தி கார்மேகத்துக்குப் புரியும்.

"எங்க ஊரு நைல் ஆத்தங்கரை. அப்ப நான் சின்னப் பையன். பெரிய அணை கட்டினாங்க. வெள்ளைக்காரங்க வந்து பழைய கோயிலை எல்லாம் இப்படித்தான் கழட்டி எடுத்துட்டுப் போனாங்க."

"நீங்கள்லாம் எங்க போனீங்க?"

"ரயில்ல ஏத்தினாங்க. எங்கேயோ இறக்கிவிட்டாங்க. அங்க நைல் மாஃபி, பேரீச்சை மாஃபி. ஒண்ணும் இல்ல." தட்டை வழித்துவிட்டு எழுந்துகொண்டார்.

பெட்டி ஒன்று சரிந்து, கூட வேலை செய்த செய்கு அலாவுதீனின் கால் முறிந்திருந்தது. மாவுக்கட்டோடு கேம்ப் கேபினில் கிடந்தார். அவர் கீழக்கரை, கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கம். இங்கே வந்து மாமன் மாப்பிள்ளை ஆகியிருந்தார்கள். மலைமேல் மேகம் கட்டுவதைப் படுத்தபடியே பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"மாப்ளே, தண்ணி வந்தா என்னால ஓட முடியாது. கேம்ப்ப மேல மாத்தச் சொல்லி இன்ஜினியர்ட்ட கேளு."

கேட்டான். இன்ஜினியர் மெட்ராஸ்காரர். "பெட்டியெல்லாம் போய்ச் சேரட்டும்ப்பா, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மலையில் கொட்டிய மழை பள்ளத்தாக்கில் இறங்கியது. லாரி ஒன்றுதான் இருந்தது. கார்மேகம் அலாவுதீனை முதுகில் சுமந்துகொண்டு முழங்கால் தண்ணீரில் வந்து, லாரியின் பின்பலகையைப் பிடித்தான்.

"உள்ள பெட்டி இருக்கு! ஆளு ஏறினா நொறுங்கிடும்" என்று இன்ஜினியர் கத்தினார்.

"நூஹு பாய், நீங்களாச்சும் சொல்லுங்க."

நூஹு தார்ப்பாய்க் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "யல்லா, கிளம்பு" என்றார் டிரைவரிடம்.

லாரி போன தடத்தைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போனது. மற்றவர்கள் பாறையைப் பிடித்து ஏறினார்கள். கார்மேகமும் இன்னொருவனும் மாறி மாறிச் சுமந்தார்கள். அலாவுதீன் வலி பொறுக்காமல் கார்மேகத்தின் தோளைக் கடித்தார். மேட்டுக்கு வந்தபோது மாவுக்கட்டு கூழாகியிருந்தது. எலும்பு மறுபடியும் விலகிவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருப்பதாக இன்ஜினியர் சொன்னார்.

விடிந்ததும் முதலில் வந்தது பத்திரிகைக்காரரின் கார்.

மேட்டில் போட்டிருந்த கொட்டகையில் பெட்டிகளைப் பிரித்தார்கள். பஞ்சு நனையவில்லை. ஒரு குலைகூடச் சிதையவில்லை. காமிராவைத் தூக்கிய பத்திரிகைக்காரர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே அலாவுதீன் ஈர லுங்கியோடு காலை நீட்டிக் கிடந்தார்.

"கார்மேகம், அவரை அந்தாண்ட தூக்கிட்டுப் போ. போட்டோவுல விழுறாரு" என்றார் இன்ஜினியர்.

கார்மேகம் குனிந்தான். அலாவுதீன் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"எங்க மாப்ளே கொண்டு போற?"

கொட்டகைக்கு வெளியே எங்கும் வெயில். கீழே கேம்ப் இருந்த இடத்தில் தண்ணீர் அசையாமல் பளபளத்தது. அவரை இறக்கி வைக்க ஒரு நிழல் தேடி, வெறும் பாறைமேல் கார்மேகம் நடந்துகொண்டிருந்தான்.