பூச்சிகளின் அத்தை

தரங்கம்பாடிக் கோட்டைக்குத் தெற்கே, பேர் வைக்கப்பட்ட பூச்சிகள் அனைத்துக்கும் நான்தான் அத்தை. டென்மார்க்கிலிருந்து வந்த ஹென்ரிக் துரை என் பக்கத்து வீட்டில் குடியிருந்து, பூச்சிகளை இனம் பிரித்துப் பேர் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் லத்தீன் பேர். மாலையில் வைத்தால் காலையில் பூச்சிகள் மறந்துவிடும். கூப்பிட்டால் ஒன்றும் திரும்பிப் பார்க்காது.

"தூளியில போட்டு, அத்தைக்காரி காதுல மூணு தடவை சொல்லாம பேரு எப்படி ஒட்டும்?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"எனக்குச் சகோதரி இல்லையே, அம்மா."

"ஏன், நான் இல்லையா?"

அன்று முதல் அவர் எனக்குத் தம்பி. பழைய சேலையைக் கிழித்து விரல் நீளத்தில் தூளிகள் கட்டினேன். ஒவ்வொரு பூச்சிக்கும் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்து, காதில் பேர் சொன்னேன். வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றில், சுவர்க்கோழிக்கு முன்னங்காலில். தம்பிதான் இடம் காட்டினார். எறும்புகள் மட்டும் சர்க்கரைத் தண்ணீரை வாங்கிக்கொண்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றன. பிள்ளைகள் அப்படித்தான்.

பேர் ஒட்டியது. ஆனால் பேர் வைத்த பிள்ளையை ஊசியில் குத்த முடியவில்லை. தம்பி ஊசியை எடுப்பார், பூச்சி அவரைப் பார்க்கும், ஊசியைக் கீழே வைத்துவிடுவார். கோபன்ஹேகனுக்கு அனுப்ப வேண்டிய கண்ணாடிப் பெட்டி காலியாகவே கிடந்தது.

கப்பல் வந்தது. அதன் கப்பித்தான் நேராக வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"பூச்சி இல்லையென்றால் உங்களையே கொண்டுவரச் சொல்லி உத்தரவு. காலையில் கிளம்புகிறோம்" என்றார்.

தும்பி ஒன்று தம்பியின் தோளில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவருடைய ஊரில் பாதி வருஷம் பனி, கண்ணில் காண ஒரு கொசுகூடக் கிடையாதாம். அங்கே போனால் மனுஷன் ஏங்கியே போய்விடுவார். எனக்கு அழுகை முட்டியது. அழுதேன்.

பூச்சிகள்தான் முதலில் சுதாரித்தன. தூளியில் போட்டுப் பேர் வைத்த எதையும் அந்த வீட்டிலிருந்து கொண்டுபோக முடியாது. தம்பிக்கோ இந்த ஊரில் இன்னும் யாரும் பேர் வைக்கவே இல்லை. இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்! ஓடிப்போய் என் கூறைப்புடவையை எடுத்துவந்து உத்தரத்தில் தூளி கட்டினேன். தம்பி காலை மடக்கிப் படுத்துக்கொண்டார்.

நான் அக்கா, பேர் சொல்ல அத்தை வேண்டும். கும்பிடுபூச்சி முன்னே வந்தது. நேராகப் பார்த்தால் அவருக்கு அது மகள் முறை. என் வீட்டுக்காரர் வழியில் சுற்றிக்கொண்டு வந்தால் அத்தை முறை. எங்கள் குடும்பங்களில் இது சகஜம். கை கூப்பியபடியே அவர் காதோரம் போய் மூன்று தடவை சொன்னது. பேரைத் தேர்ந்தெடுத்தவை தேனீக்கள்.

"தேனப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"என்னக்கா?" என்றார்.

ஒட்டிவிட்டது. நான் மறுபடி அழுதேன்.

கப்பித்தான் தொப்பியைக் கழற்றினார். "அப்படியானால் ஹென்ரிக் என்று இங்கே யாரும் இல்லை" என்றார். முறை தெரிந்த மனிதர். ஆனால் அவர் கிளம்பவில்லை. தூளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என் கனம் தாங்குமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தாங்கியது.

ஆனால் கப்பலை யாராவது கொண்டுபோக வேண்டுமே. காண்டாமிருக வண்டு தொப்பியை வாங்கிக் கொம்பில் மாட்டிக்கொண்டது. காலையில் எல்லோரும் கரைக்குப் போய் வழியனுப்பினோம். கடல் எல்லோர் உடம்புக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்பதால் கொஞ்சம் சுக்கு முடிந்து கொடுத்தேன்.

"குமட்டினா வாயில அடக்கிக்கடா கண்ணு."

"சரி அத்தே" என்றது. பிறகு நங்கூரத்தைத் தூக்கச் சொன்னது.